பெட்டி 131

பெட்டியின் நீளத்தைத் தொடையெலும்பு தீர்மானிக்கும்.
அதைவிட நீளமாக மனிதனிடம் ஒன்றுமில்லை,
இந்த நாட்டில், பெயரைத் தவிர.

அடெரிட்டோ டா கொன்செய்சாவ் பெஸ்தானா ஃப்ராகோசு.
சீட்டில் இரண்டு வரி பிடித்தது.
அறுபத்தொரு வயது. செருப்புத் தைப்பவர்.
ஒரு ஜனவரியில் இதயம் நின்றது.
ஐந்து வருடம் கழித்துக் கல்லறை வாடகை நின்றது.
கேட்டு வர ஆளில்லை.
நகராட்சி இங்கே அனுப்பிவைத்தது,
வாய் கட்டிய பிளாஸ்டிக் பையில்.

நான் பல்துலக்கியால் மண் உதிர்க்கிறேன்.
ஒரு கோடு பிசின் பூசி, காய்ந்தபின் அதன்மேல்
கறுப்பு மையில் 131. மறுபடி 131.
விரலெலும்புகளுக்கு எழுதும்போது
மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும்.
எதிர்மேசையில் வெனான்சியு
மத்திமீன் டப்பாவைத் திறக்கிறான்.
'இங்கே உண்ணாதீர்' என்று
எழுதி ஒட்டியதும் அவன்தான்.

நாவடி எலும்பு இல்லை.
அநேகமாக இருக்காது,
தோண்டுபவர்கள் கூழாங்கல் என்று எறிந்திருப்பார்கள்.
முழங்கால்சில்லு இடதில் உண்டு, வலதில் இல்லை.
'இல்லை' என்று எழுத
இப்போதெல்லாம் கை தயங்குவதில்லை.

பிறகு இடுப்பெலும்பு.
பின்வளைவில் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பது வழக்கம்.
ஆண் என்றால் இறுக்கிப் பிடிக்கும்.
விரல் தாராளமாக அசைந்தது.
மறுபக்கமும் வைத்தேன்.
அசைந்தது.

மேல் வெட்டுப்பல்லில் சின்னதாய் ஒரு பள்ளம்,
நூல் கடித்துக் கடித்து விழுந்தது.
"செருப்புக்காரனும் நூல் கடிப்பான்" என்றான் வெனான்சியு.
கடிப்பான்.
இந்த இடுப்பு அவனுக்கு எங்கிருந்து வரும்?

இடுகாட்டுப் பதிவேட்டை வரவழைத்தேன்.
மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை,
மூன்று குழி, இரண்டு ஆள், ஒரு மண்வெட்டி.
அடுத்த வரியில் எர்மெலிண்டா, தையற்காரி.
வாடகை பாக்கியில்லை.
எலும்புகளை மகள் பெற்றுக்கொண்டாள்,
சுவர்மாடம் நாற்பத்தேழு, கையெழுத்து ஜெனோவேவா.
பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய மை.

'மதிப்பிற்குரிய அம்மையாருக்கு' என்று
கடிதம் ஆரம்பித்தேன்.
அதற்குமேல் ஓடவில்லை.
அளவெடுக்கத் தெரிந்த கை இது,
ஆறுதல் எழுதிப் பழகியதில்லை.

கல்லறைத் திருநாளன்று
ஆற்றிலிருந்து பனி ஏறி வந்துகொண்டிருந்தது.
நாற்பத்தேழு நாலாவது அடுக்கில், தலைக்கு மேலே.
குட்டையான ஒரு பெண்
இரும்பு ஏணியைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள்.
வெள்ளைச் செவ்வந்தி, வினிகர் பாட்டில், பழைய பனியன் துணி.
"கொஞ்சம் பிடிக்கிறீர்களா? ஒரு கால் ஆடுது."

பிடித்தேன்.

அவள் கண்ணாடியைத் துடைத்தாள்,
படத்தைத் துடைத்தாள்,
அம்மாவுக்கு உயரம் என்றால் பயம் என்றாள்,
கீழடுக்கு விலை எட்டவில்லை என்றாள்.
கேட்டு வர ஆளில்லாத செருப்புக்காரர்
அந்தக் கண்ணாடிக்குப் பின்னே
பத்தொன்பதாவது முறையாகப் பூ வாங்கிக்கொண்டிருந்தார்.

சொல்லியிருக்கலாம்.
அவள் ஏணியில் நின்றாள்,
ஏணி என் கையில் இருந்தது.
இறங்கியதும் கையைத் துடைத்து
ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாள்.
வாயில் மிட்டாயோடு எப்படிச் சொல்வது
என்பது ஒரு சாக்குதான், எனக்குத் தெரியும்.

திங்களன்று பெட்டியைத் திறந்தேன்.
பால்: பெண்.
பதிவேட்டுடன் பொருந்தவில்லை.
இதை மையில் எழுதினேன்.
பெயர் என்ற கட்டத்தில்
பென்சிலால் ஒன்று எழுதி, அழித்து,
மறுபடி எழுதினேன்.
தாள் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது.

கடிதம் மேசை இழுப்பறையில், ஒரு வரியோடு.
தொடையெலும்பு, இடது: 418 மில்லிமீட்டர்.
மூன்று முறை அளந்தேன்.